பிள்ளைத்துணி துவைத்த சங்கிலிப்பாண்டி

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சிக்கு மருந்து முக்குகிற சங்கிலிப்பாண்டிக்கு, 1998இல் தெருக்காரர்கள் ‘பீத்துணிப்பாண்டி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். மனைவி ரேணுகாதேவிக்கு ஆபரேஷன் செய்துதான் பிள்ளையை எடுத்தார்கள். ஒத்தாசைக்கு அவளுக்குத் தாய் இல்லை. மகளின் துணியை அவனே தெருக்குழாயில் துவைத்தான். அதில் என்ன கேவலம்? கேலி பேசிய வாய்களில் ஒன்றாவது ஒரு துணி அலசித் தந்ததா?

முதல் மாதம் நாளுக்கு எட்டுத் துணி மஞ்சளாக வந்தது. இரண்டாம் மாதம் சட்டென்று நின்றது. நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். நர்சம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை இந்த வயதில் ஒரு வாரம்கூட வெளிக்குப் போகாமலிருக்கும், நன்றாகக் குடித்து மூத்திரம் போனால் பயமில்லை, வாந்தியோ வயிறு உப்புசமோ வந்தால் உடனே கொண்டுவா என்றார்.

ஆறாம் நாள் விளாத்திகுளத்திலிருந்து அவன் அக்கா வேலுத்தாய் வந்திறங்கினாள். பிள்ளையின் ஆசனவாயில் வைக்க வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

“ஏலே, இவளுக்குப் பாலு பத்தல. காம்பை வச்சு வெளிய எடுத்துட்டு, டப்பாப் பாலைக் கரைச்சுக் குடு.”

அக்காவின் குரலுக்கு முன்னால் நர்சம்மா பேச்சு எடுபடுமா? ரேணுகாதேவி அழுதுகொண்டே பிள்ளையை மாரிலிருந்து எடுத்துப் பாயில் கிடத்திவிட்டாள். தன் பாலில் பழுது என்றால் அவள் எங்கே போய் முட்டிக்கொள்வாள்?

அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத சங்கிலிப்பாண்டி குறுக்கே வந்து நின்றான்.

“காம்பைக் கீழ போடுக்கா. நேத்து மட்டும் ஏழு துணி நனைச்சிருக்கா. பாலு இல்லாமலா இம்புட்டு மூத்திரம் வருது? வயித்தைத் தொட்டுப் பாரு, மெத்துன்னு இருக்கு.”

“ஏலே, நீ என்ன டாக்டரா?”

“டாக்டரு இல்ல. ஆனா எம்மவ துணி பூரா என் கையிலதான் போகுது.”

பிள்ளையைத் தூக்கி ரேணுகாதேவியின் மடியில் வைத்தான். அவள் நம்பிக்கையில்லாமலே பால் கொடுத்தாள். அன்று முழுக்க அவனுக்கும் உள்ளூர உதைப்புதான்.

மறுநாள் காலையில் பிள்ளை வேலுத்தாயின் மடியிலேயே வெளிக்குப் போனது. முக்கலும் இல்லை, முனகலும் இல்லை. கடைந்த பருப்பு மாதிரி இளக்கமாக, சேலையெல்லாம் மஞ்சள்.

“எம்பொண்டாட்டி பாலு தங்கம்லா!” என்று தெருவுக்கே கேட்கக் கத்தினான் சங்கிலிப்பாண்டி. பெருமையில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

வேலுத்தாய் சேலையைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். பிறகு அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“ஏட்டி ரேணுகா, பிள்ளைக்குப் பசிக்குது. சீக்கிரம் வந்து உம்பாலைக் குடு.”