நடுவிரல் மட்டும் நேராக

என் அத்தானுக்கு முதலில் கண்ணில் படுவது கைதான். தன்லியின் என்கிற ஊர்ப் பக்கம் கையுறைத் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவர். அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றும் முகத்தை விட்டுவிட்டுக் கையைத்தான் பார்த்தார் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

அவர் ஓயாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஆரம்பத்தில் விண்வெளிக்குப் போனவர்களின் கையுறை, உள்ளே காற்று நிறைந்ததும் ஊதின பலூன் மாதிரி விறைத்துக்கொள்ளுமாம். விரலை மடக்குவதற்குள் கை சோர்ந்துவிடுமாம். அதனால் விண்கலத்தை ஓட்டும் கைப்பிடியைப் பிடித்த வாக்கிலேயே விரல்களை வளைத்துத் தைத்தார்களாம். பட்டன் அமுக்க நடுவிரல் மட்டும் நேராக. "கை வேலை செய்யுற வாக்குல வெட்டணும் மச்சான், அதான் வெட்டு" என்பார்.

அக்காவுக்கு க்யிம்யிண்டைங் சந்தையில் மொஹிங்கா கடை, மீன்குழம்பு ஊற்றின நூடுல்ஸும் தொட்டுக்க வடையும். போன மழைக்காலத்தில் வடைச்சட்டி அடுப்பிலிருந்து சரிந்தது. எண்ணெய் போய்விடுமே என்று வெறுங்கையால் பிடித்துவிட்டாள். வலது உள்ளங்கை வெந்துபோனது.

புண் ஆறிவரும்போது ஆஸ்பத்திரி சயாமா, நர்ஸை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், விரல்களை நீட்டி ஒரு பலகையோடு கட்டினார். இறுக்கமான கையுறை ஒன்றும் தைத்துப் போடச் சொன்னார். விரல் நீண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் சுருங்கி இழுத்துக்கொள்ளும் என்றார். பலகை கட்டியதிலிருந்து அக்கா அழுதுகொண்டே இருந்தாள். அத்தானுக்குத் தாங்கவில்லை. அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கையுறையைத் தானே வெட்டினார். கரண்டிக் காம்பைப் பிடித்த வாக்கில் விரல்களை வளைத்து, நடுவிரலுக்கு மட்டும் மூங்கில் சிம்பு வைத்து.

"எனக்கு எந்தப் பட்டனுங்க?" என்றாள் அக்கா.

"ஏன், போன் இல்லையா?"

வலி அடங்கியது. சந்தை முழுக்கக் கையைக் காட்டிக்கொண்டு திரிந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போவதும் தள்ளிக்கொண்டே போனது.

ஒருவழியாகப் போனபோது சயாமா கையுறையைக் கழற்றினார். விரல்கள் வளைந்தபடியே நின்றன. கரண்டிக் காம்பு நுழையும் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. நடுவிரல் மட்டும் ஆடியது. மற்றவற்றை இனி அறுத்துத்தான் பிரிக்க வேண்டும், அப்படியும் முழுசாக நீளாது என்றார். பலகையை யார் அவிழ்த்தது என்று கேட்டார். அத்தான் கையுறையை எடுத்துப் பைக்குள் திணித்தார்.

பஸ்ஸில் அக்காதான் வாயைத் திறந்தாள். "ஏங்க, உங்க ஃபேக்டரில பட்டன் அமுக்குற வேலை ஏதும் இருக்கா, கேட்டுப் பாருங்க."

அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இங்கே பெரியவர்களுக்கு எதையும் வலது கையால் நீட்டி, இடது கையால் அந்த முழங்கையைத் தொட்டுத்தான் கொடுப்போம். அக்கா இப்போது கிண்ணத்தை இடது கையால் நீட்டுகிறாள். வலது கையில் மிஞ்சிய அந்த ஒற்றை விரல் முழங்கையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பழகிய ஆட்களே சிலர் வாங்கத் தயங்குகிறார்கள்.