நிரஞ்சனியும் பாரூக் நானாவின் பழைய நம்பரும்

கண்டி கொட்டுகொடல்ல வீதியில் என் பேக் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை இருக்கிறது. முன்பு விலைபோகாத பேக்குகளை அதில் அடைத்து வைத்திருந்தேன். இப்போது நிரஞ்சனி இருக்கிறாள். ஒரு கம்ப்யூட்டர், ஒரு மேசை, மூன்று கதிரை, எந்நேரமும் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் பலபேருடைய போன்கள். எங்கள் ஊர்ச் சின்னக் கடைக்காரர்களின் ஈமெயிலையும் போனையும் மேய்ப்பதுதான் அவள் தொழில்.

அதற்கு முன்னால் குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரிய குடையின் கீழ் நின்று சிம் விற்றுக்கொண்டிருந்தாள். வாங்கிப் போனவர்கள் மறுநாளே திரும்பி வருவார்கள். நெட் வரவில்லை என்பார்கள், பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்பார்கள், பிள்ளை எதையோ அமத்தியதில் போன் முழுக்கச் சீன எழுத்தாகிவிட்டது என்பார்கள். சிம் விற்கத்தான் கம்பனி அவளுக்குச் சம்பளம் கொடுத்தது. சனங்கள் அவளை வேறு வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். கடைசியில் குடையை மடக்கிக் கம்பனியிடம் கொடுத்துவிட்டு என் மேல்மாடியைக் கேட்டு வந்தாள். வீடு அம்பிட்டியவில். அங்கே மலை மறைப்பதால் குசினி ஜன்னலடியில் மட்டும்தான் சிக்னல் வரும். அதனால் இரவு நேரத்தில் அவளுக்குக் கோல் எடுக்கிற முதலாளிமார் கடுகு வெடிக்கிற சத்தத்தோடுதான் ஆலோசனை கேட்க வேண்டியிருக்கும்.

அவளுடைய கெட்டித்தனத்தைச் சொல்ல ஒரு சம்பவம் போதும். கடுகண்ணாவையில் மிளகு, கராம்பு, கறுவா வியாபாரம் செய்கிற பாரூக் நானாவுக்கு லண்டனிலிருந்து ஒரு ஹோட்டல்காரர், கராம்பு சின்னதாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். நானா மாடிப்படி ஏறி வந்து, மூச்சு வாங்க, பதில் சொன்னார்.

"கண்ணாடி போட்டுப் பாக்கச் சொல்லுங்கோ தங்கச்சி. கண்ணு தெரியாதவனுக்கு என்னத்துக்கு கராம்பு? அப்பிடியே எழுதுங்கோ."

நிரஞ்சனி தலையாட்டிக்கொண்டே தட்டினாள். தாங்கள் சுட்டிக்காட்டியதை மிகுந்த அக்கறையுடன் கவனித்தோம், அடுத்த முறை பெரியதாகத் தெரிந்தெடுத்து அனுப்புவோம் என்று அழகான இங்கிலீஷில் போனது கடிதம். லண்டன்காரர் இரண்டு மடங்கு ஓடர் கொடுத்தார். நானாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா, அதட்டினாத்தான் வழிக்கு வருவானுகள்" என்று கீழே வந்து என்னிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

நானாவுக்கு இந்தத் தொழிலில் ஒரே ஓர் எதிரி. கண்டி மார்க்கெட் பக்கம் அதே சரக்கு விற்கிற அழகமுத்து. எந்த ஹோட்டலுக்கு யார் மிளகு போடுவது என்பதில் வந்த சண்டை. வருஷக்கணக்காகப் பேச்சில்லை. அழகமுத்துவின் ஈமெயிலையும் நிரஞ்சனிதான் பார்க்கிறாள். இரண்டுபேருக்கும் இது தெரியும். இரண்டுபேரும் தனித்தனியாக வந்து, ஏலக்காய் போட்ட தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, மற்றவன் என்ன விலை போட்டான் என்று கேட்டுப் பார்த்தாயிற்று.

"சொல்றேனே, அதுல என்ன" என்பாள் நிரஞ்சனி. "அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேன்."

தேத்தண்ணியை மட்டும் மிச்சம் வைக்கமாட்டாள்.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள் பாரூக் நானா மனைவி ஆஸியா உம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். முகம் சரியில்லை. புதுப் போன் வாங்கியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் இவளிடம் ஓடி வருவதா என்று ரோஷம் வந்து, யூடியூபில் எவனோ சொன்னதைப் பார்த்துத் தானே ஈமெயிலைச் சரிசெய்யப் போயிருக்கிறார். இப்போது அவருடைய போனிலும் ஈமெயில் திறக்கவில்லை, நிரஞ்சனியின் கம்ப்யூட்டரிலும் திறக்கவில்லை. ஈமெயில் பூட்டிக்கொள்வதற்குச் சற்று முன்தான் அதே லண்டன்காரர் பெரிய ஓடர் ஒன்றுக்குச் சரி என்று அன்றைக்கே பதில் கேட்டிருந்தார்.

"பயப்படாதீங்க நானா. உங்க நம்பருக்கு ஒரு கோட் அனுப்புவாங்க. அதப் போட்டா தெறந்துரும்" என்றாள் நிரஞ்சனி. திரையைப் பார்த்தாள். "முடிவுல நாலு எட்டு வர்ற நம்பர். எங்க அந்தப் போன்?"

ஆஸியா உம்மா கணவரைப் பார்த்தார். நானா கூரையைப் பார்த்தார்.

நாலு எட்டு நம்பர் நானாவின் பழைய நம்பர். கடைப் பலகையிலும் சரக்கு ஏற்றுகிற வான் வண்டியிலும் பெரிதாக எழுதி, இன்னும் அழிக்காத நம்பர். ஆனால் கடுகண்ணாவைக் கடையில் அந்தக் கம்பனிக்குச் சிக்னல் கிடையாது. ஒரு கோல் பேச ரயில் பாதை வரைக்கும் ஏற வேண்டியிருந்ததால் வேறு கம்பனிக்கு மாறிவிட்டார்.

"பழைய சிம் பத்திரமா அலுமாரியில ஈக்கி" என்றார் நானா.

"காசு போட்டுப் பாவிச்சீங்களா?"

"பாவிக்கிறதுக்கா அலுமாரியில வெச்ச?"

நிரஞ்சனி பெருமூச்சு விட்டாள். பாவிக்காமல் கிடந்தால் கம்பனி அந்த நம்பரை எடுத்து வேறு யாருக்காவது கொடுத்துவிடும். இப்போது அது யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் கோட் போகும். கேட்டுப் பார்க்கலாமே என்று அந்த நம்பருக்குக் கோல் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். நான் அப்போது தேத்தண்ணி கொடுக்கிற சாக்கில் மேலே போய் நின்றிருந்தேன்.

"ஹலோ" என்றது ஒரு குரல். நிரஞ்சனிக்கு அது கேட்டுப் பழகிய குரலாக இருந்தது.

"பாரூக் நானா கடையா?" என்று நிரஞ்சனி மூக்கால் பேசினாள்.

"பாரூக் கடைய மூடிட்டாருங்களே. பாவம், வயசாயிருச்சு. மெளகா, கராம்பா? எதுன்னாலும் நம்ம கடைக்கு வாங்க, மார்க்கெட் பக்கத்துலதான்..."

அழகமுத்து! நானா கதிரையிலிருந்து எழும்பிய வேகத்தில் கதிரை விழுந்தது. அவர் வாயைத் திறக்குமுன் ஆஸியா உம்மா தன் உள்ளங்கையால் அதை மூடினார். நிரஞ்சனி, "அப்பறமா வாறேங்க" என்று சொல்லிக் கோலை வைத்தாள்.

நம்பர் விலைக்கு வந்தது தெரிந்து அழகமுத்து வேண்டுமென்றே வாங்கியிருக்கிறார். பலகையைப் பார்த்து நானாவுக்குக் கோல் எடுக்கிறவர்களையெல்லாம் மாதக்கணக்காக வளைத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"நான் இப்பவே போய் அவன்ட..." என்று நானா படியை நோக்கிப் பாய்ந்தார்.

"நீங்க இங்கயே இரிங்கோ" என்றார் ஆஸியா உம்மா. "நீங்க போனா பொலிஸ்தான் வரும், கோட் வராது. தங்கச்சி, வாங்கோ நாங்க போவம்."

நானாவைக் கம்ப்யூட்டரின் முன் உட்காரவைத்து, கோல் எடுத்துச் சொல்லும்போது எந்தப் பொத்தானை அமத்த வேண்டும் என்று காட்டிவிட்டு இருவரும் இறங்கினார்கள். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பக்கத்துக் கடைக்காரரிடம் என் கடையைப் பார்க்கச் சொல்லிவிட்டு நானும் போனேன்.

அழகமுத்து எங்களைப் பார்த்ததும் எழும்பினார். "அடடே, வாங்க வாங்க நிரஞ்சனி. உள்ள வாங்க." பின்னால் வந்த ஆஸியா உம்மாவை அவருக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு வாடிக்கையாளருக்குரிய சிரிப்பு சிரித்தார். நிரஞ்சனி வாயைத் திறக்கப் போனபோது அவருடைய சட்டைப்பையில் ஒரு போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர், "ஒரு நிமிஷங்க" என்று மிளகு மூட்டைகளின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சொல்லுங்க மாமி" என்றார் தாழ்ந்த குரலில்.

மறுமுனையில் பேசியவரின் குரல் ஸ்பீக்கர் இல்லாமலே கடை முழுக்கக் கேட்டது. "மகன், நேத்து ராவெல்லாம் எனக்கு முட்டுக்கால் வலி. நீ சொன்ன மாதிரி எண்ணெய் போட்ட. கொஞ்சம் சொகம் மகன்."

"சூடு பண்ணிப் போட்டீங்களா மாமி? சும்மா போடக்கூடாது."

ஆஸியா உம்மாவின் கண்கள் விரிந்தன. அது அக்குறணையில் இருக்கிற ஹவ்வா உம்மா, பாரூக் நானாவின் சொந்த மாமி. அவருக்குக் காது மந்தம், பேச்சு நீளம். முந்தியெல்லாம் அவருடைய கோல் வந்தால் நானா போனைத் தலையணைக்குக் கீழே வைத்துவிடுவார். புது நம்பரை அவருக்குக் கொடுக்கவும் இல்லை. ஆனால் அந்த வருஷம் போகிற கலியாண வீடுகளிலெல்லாம் ஹவ்வா உம்மா, பாரூக்கைப் போல ஒரு பிள்ளை இல்லை, ஒவ்வொரு நாளும் என் கதையைக் கேட்கிறான் என்று புகழ்ந்துகொண்டிருந்தார். நானாவுக்கு விளங்கவில்லை. புகழ்ச்சிதானே என்று பேசாமல் வாங்கிக்கொண்டார்.

அழகமுத்து பேசி முடித்துத் திரும்பினார். ஆஸியா உம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் பாரூக்குட பொஞ்சாதி. இப்ப பேசினது எங்கட மாமி."

அழகமுத்துவின் முகத்தில் நான் அன்று பார்த்த நிறத்துக்கு என் கடையில் ஒரு பேக்கும் இல்லை.

"மொத நாளே ராங் நம்பர்னு சொன்னேங்க" என்றார் ஈனக்குரலில். "அவங்களுக்குக் கேக்கல. அழுதுகிட்டே பேசினாங்க. சரி, ஒருநாளைக்குன்னு ம் போட்டேன். மறுநாளும் எடுத்தாங்க. சாப்டியா மகன்னு கேட்டாங்க. எங்க வீட்ல என்னைய யாரு அப்படிக் கேக்கிறா? அரிசி முடிஞ்சுதுன்னு சொல்லத்தான் கோல் வரும்."

"வியாபாரத்துக்கு எடுத்த நம்பர்தானே?" என்றாள் நிரஞ்சனி.

"அதுக்குத்தான் எடுத்தேன்" என்று ஒப்புக்கொண்டார். "யாவாரம் கொஞ்சம். மாமிதான் கூட."

ஆஸியா உம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு குரலைக் கடுமையாக்கினார். "இப்ப இந்தப் போனுக்கு ஒரு கோட் வரும். அதச் சொல்லுங்கோ. இல்லாட்டி மாமிக்கு இப்பவே கோல் எடுத்து, பேசுற ஆள் யாருன்டு சொல்லிடுவன்."

"வேணாங்க!" என்று அலறினார் அழகமுத்து.

நிரஞ்சனி நானாவுக்குக் கோல் எடுத்து, பொத்தானை அமத்தச் சொன்னாள். நானா பதற்றத்தில் பக்கத்துப் பொத்தானை அமத்திவிட்டார். குறுஞ்செய்திக்குப் பதிலாக அழைப்பு வந்தது. ஓர் இயந்திரப் பெண் இங்கிலீஷில் இலக்கங்களைச் சொல்லத் தொடங்கினாள். எழுதிக்கொள்ள நேரமில்லை. நிரஞ்சனி தன் போனை அழகமுத்துவின் வாயருகே நீட்டினாள். அவர் ஒரு காதில் கேட்டு மறுபக்கம் சத்தமாகச் சொன்னார்.

"நாலு. ஏழு. ஒண்ணு..."

மறுமுனையில் ஒவ்வொன்றாகத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "என்ன? ஒண்ணா, ஒம்பதா? தெளிவாச் சொல்லுடா!" என்று பாரூக் நானாவின் குரல்.

"ஒண்ணுடா! ஒண்ணு! காதுல என்ன பஞ்சா?"

"உன்ட வாயிலதான் பஞ்சு!"

வருஷக்கணக்கான மௌனத்துக்குப் பிறகு அவர்கள் பேசியது இதுதான். ஆனாலும் ஆறு இலக்கமும் போய்ச் சேர்ந்தது. ஈமெயில் திறந்தது. நிரஞ்சனி மாடிக்கு ஓடிப் போய் லண்டனுக்குச் சரி என்று எழுதினாள். கையோடு, இனிமேல் கோட் போகிற நம்பராக ஆஸியா உம்மாவின் நம்பரைப் போட்டாள். அன்றிலிருந்து நானா ஈமெயில் திறக்க வேண்டுமென்றால் மனைவியிடம் நல்லபிள்ளையாக இருக்க வேண்டும். ஆஸியா உம்மா கோட்டைச் சும்மா கொடுப்பதில்லை. குசினிக்குப் புது மின்விசிறி அப்படி வந்ததுதான்.

மறுவாரம் இரு முதலாளிமாரும் அடையாள அட்டையோடு கம்பனிக் கவுண்டருக்குப் போய், பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் ஒருவரையொருவர் பாராமல் உட்கார்ந்து, நம்பரை நானாவின் பெயருக்கு மாற்றிக்கொண்டு வந்தார்கள். அதற்கு வருகிற கோலெல்லாம் நானாவின் புது நம்பருக்குப் போகும்படி நிரஞ்சனி திருப்பி விட்டாள். நானா வெற்றிவீரராக என் கடையில் தேத்தண்ணி குடித்தார்.

வெற்றி நீடிக்கவில்லை. ஹவ்வா உம்மா வழக்கம்போல் காலையில் கோல் எடுத்தார். நானா வான் வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டார். அடுத்த நாளும் வான் வந்தது. அக்குறணையிலிருந்து ஆஸியா உம்மாவுக்குப் புகார் போனது. பாரூக் மாறிவிட்டான், முந்தி இப்படி இல்லை. நானா தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி மாடிப்படி ஏறினார்.

"தங்கச்சி, ஒராள்ட கோல மட்டும் இன்னொராளுக்குத் திருப்பி விடேலுமா?"

"ஏலும்" என்றாள் நிரஞ்சனி, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். "ஆனா செய்யமாட்டேன். மாமிக்கு உண்மையச் சொல்லித்தான் செய்யணும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் ஆஸியா உம்மாவும், ஒரு பெட்டி இனிப்புத் தொதலோடு நெளிந்துகொண்டு வந்த அழகமுத்துவும் அக்குறணைக்குப் போனார்கள். இந்த முறையும் எனக்கு அங்கே வேலை இல்லை, இந்த முறையும் நான் போனேன். ஆஸியா உம்மா மாமியின் காதருகே போய் நடந்ததைக் கத்திச் சொன்னார். ஹவ்வா உம்மா அழகமுத்துவை மேலும் கீழும் பார்த்தார்.

"அது பாரூக் இல்லன்டு எனக்கு ரெண்டாம் நாளே தெரியும்" என்றார். "அவன் எப்ப என்ட கதைய முடியும் மட்டும் கேட்ட? நீ யாருன்டு நான் வாயத் தொறந்து கேட்டா நீ கோல வெச்சிடுவாய்தானே மகன். அதான் கேக்கல்ல."

அழகமுத்து தொதல் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதுவிட்டார். பிறகு அதில் பாதியை அவரே சாப்பிட்டார்.

நிரஞ்சனி ஹவ்வா உம்மாவின் போனை வாங்கி, அழகமுத்துவின் சொந்த நம்பரை அதில் போட்டு, உம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது என்பதால் பெயருக்குப் பதில் அழகமுத்துவின் படத்தை வைத்தாள். பாரூக் நானாவின் படத்தையும் வைத்தாள். காதுக்குச் சத்தத்தைக் கூட்டினாள். அவள் நெடுநேரம் அந்தப் போனை வைத்துத் தட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். போனை என் பக்கம் திருப்பி ஒரு படமும் எடுத்தாள். எனக்குப் பின்னால் நின்ற முற்றத்து றம்புட்டான் மரத்தைத்தான் எடுக்கிறாள் என்று நினைத்தேன்.

முதலாளிமாருக்குள் இன்னும் சமாதானம் இல்லை. ஹோட்டல் மிளகுக்கு இன்னும் அடித்துக்கொள்கிறார்கள், ஆனால் இப்போது போனில், நேரடியாக. இது நிரஞ்சனிக்கு வேலை மிச்சம்.

அக்குறணைக்குப் போய்வந்த மறுநாள், திங்கட்கிழமை காலை கடையைத் திறந்து பேக்குகளைத் தூசி தட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு தெரியாத நம்பரிலிருந்து கோல் வந்தது.

"மகன்" என்றது தெருவுக்கே கேட்கிற ஒரு குரல். "நீ பேக் கடைக்காரன்தானே? அழகமுத்துட போன் வேலையா ஈக்கி. கேளு, நேத்து ராவு என்ன நடந்த தெரியுமா..."

மேல்மாடியில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "சொல்லுங்க மாமி" என்றேன்.