மாமனார் வேட்டியில் கிழித்த துணி

இதை எழுதலாமா என்று வருடக்கணக்காகத் தயங்கினேன். காலமாகிவிட்ட பெரியவர் ஒருவரின் தவறைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. தவறை மட்டும் சொன்னால் அது பாவம். எங்கள் வீட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில், வண்டிச் சாவி மாட்டும் ஆணியில், கறுத்துப்போன துணி ஒன்று தொங்குகிறது. சாமி பக்கத்தில் இந்த அழுக்கு எதற்கு என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். அது என் மாமனாரின் வேட்டியில் கிழித்தது.

மாமனார் ராமநாதபுரத்துக்காரர். இளவயதில் கப்பலேறி போர்ட் பிளேர் வந்து, ஓய்வு பெறும்வரை துறைமுகத்து இரும்போடு கிடந்தவர். அத்தை தவறிய பிறகு மரைன் ஹில்லில் எங்கள் வீட்டுக்கு வந்தார். மகள் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்ற கூச்சம் அவருக்கு. தட்டில் இன்னொரு தோசை வைத்தால் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பிய்ப்பார். அந்தக் கூச்சத்தை அவர் மறக்கிற வேலை ஒன்று இருந்தது. உப்புக் காற்று இங்கே இரும்பைத் தின்றுவிடும் என்பதால், மழைக்கு முன்னால் எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலை வண்டியின் அடிப்பாகம் முழுக்கப் பூசுவது தீவில் வழக்கம். எங்கள் வேனுக்கு அதை மாமனார்தான் செய்வார். திருநீறு பூசிக்கொண்டு, சாக்கை விரித்து, அடியில் படுத்துவிடுவார். "கடக்காத்துக்கு ஒரு நூல் எடம் விடக்கூடாது மாப்பிள்ளை, விட்டா பூந்துரும்" என்பார். அன்றைக்கு மட்டும் சோற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் நோயாளிகளை ஏற்றிப் போவதுதான் அந்த வேனின் பிழைப்பு. ஒரு மழைக்காலத்தில் அது ஏற்றத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. முன்னால் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. மிதித்தாலும் வேகம் ஏறவில்லை. கம்ப்யூட்டர் மாட்டிப் பார்த்த இடத்தில், புகைக்குழாயின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு கோளாறு என்று வந்தது. விளக்கை அணைத்து அனுப்பினார்கள். மேடு வந்ததும் மறுபடி எரிந்தது. வால்வையே மாற்றச் சொன்னார்கள். அதுவோ மேன்லேண்டிலிருந்து வர வேண்டும். கடல் கொந்தளிப்பில் கப்பல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. வண்டியில் வருகிற ஒரு தாத்தா, "சடாவு மேட்டுல நான் வேணா எறங்கித் தள்ளட்டுமா தம்பி?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் எல்லாரும் பாய் என்று கூப்பிடுகிற மெக்கானிக்கிடம் போனேன். மாமனாரும் கூடவே வந்தார். பாய் எடுத்ததும் வால்வைக் கழற்றவில்லை. முதலில் ஒயரையும் அதன் இணைப்பையும் பார்த்தார். உப்பு அரித்துப் பச்சை பிடிக்காமல் சுத்தமாக இருந்தது. பிறகு என்னை உள்ளே உட்காரவைத்து, கம்ப்யூட்டரில் வால்வைத் திறந்து மூடச் சொன்னார். மோட்டார் முனகியது; குழாய்க்குள் இருக்கிற தகடு திரும்பவில்லை. மோட்டாரையும் தகட்டின் தண்டையும் சேர்க்கிற கம்பியைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் மறுபடி அதையே செய்யச் சொன்னார். இந்த முறை மோட்டார் தாராளமாக ஓடியது. "மோட்டார் உயிரோட இருக்கு. தகடுதான் மௌத்து" என்றார் பாய். தண்டைச் சுரண்டினார். ஆயிலும் உப்பும் தூசியும் சேர்ந்து, புகைக்குழாய்ச் சூட்டில் வெந்து, கருங்கல் மாதிரி பாளம் பாளமாக விழுந்தது.

மாமனார் குனிந்து, "என்ன பாய், உப்புதானே?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லுங்கள் என நான் கண்ணைக் காட்டினேன். பாய் அதைப் பார்த்தார்; பார்த்தும் பொய் சொல்லவில்லை. "உப்பு மட்டும் இல்லங்கய்யா, ஆயிலு. சூடாவுற எடத்துல ஆயில் பட்டா வெந்து இறுகிப்போவும். இங்க மட்டும் ஆயில் ஆகாது" என்றார். பாய் தண்டைச் சுத்தம் செய்து, மருந்து விட்டு ஊறவைத்து, விரலால் தட்டினால் தகடு தானாகத் திரும்பும்வரை விடவில்லை. கம்பியை மாட்டி, ஆட்களை ஏற்றி, மேட்டில் ஓட்டிக் காட்டினார். விளக்கு எரியவில்லை. புது வால்வு தேவைப்படவில்லை. நான் முருகனுக்கு நன்றி சொன்னேன். பின் சீட்டில் மாமனார் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த மழைக்கு முன்னால் அவர் சாக்கை எடுக்கவில்லை. "கப்பல்ல படுத்துப் போக ஒரு பங்க் போட்டுருங்க மாப்பிள்ளை, ஊருக்குப் போறேன்" என்றார். ஊரில் அவருக்கு யாரும் இல்லை. "நோயாளிங்க போற வண்டியக் கெடுத்தவனுக்கு இங்க என்ன சோலி?" என் மனைவி அழுதாள். நான் என்ன சொன்னாலும், அது மருமகனின் மரியாதைப் பேச்சாகவே அவர் காதில் விழுந்தது. வேறு வழி தெரியாமல் பாயிடம் போய்ச் சொன்னேன். "அச்சா" என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் காலை பாய் தன் சொந்த வண்டியை ஓட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். அதிலும் அதே வால்வுதான். "ஐயா, மழை வருது. என் வண்டிக்கும் ஒரு கை ஆயில் பூசிக் குடுங்க" என்றார்.

"என் கை ஆகாதுன்னுதான சொன்னீங்க?"

"அரே, கை ஆகாதுன்னு யார் சொன்னா? அந்த எடத்துக்கு ஆயில் ஆகாதுன்னேன். உங்க மாப்பிள்ள வண்டி வாங்கினப்ப கூடவே கப்பல்ல வந்து எறங்கின வண்டிங்க அடியில எல்லாம் ஓட்ட. உங்க வண்டியில ஒரு பொத்தல் இல்ல. அது யார் கை?"

மாமனார் உள்ளே போய்த் தன் வேட்டியின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வந்தார். வால்வையும் தண்டையும் துணியால் சுற்றி முடிந்தார். பாயிடம் கை நீட்டி, "சாவியக் குடுங்க. துணிய அவுக்காம ஸ்டார்ட் பண்ணினா தீப்பிடிச்சுரும்" என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு படுத்தார். வேலை முடிந்து துணியை அவிழ்த்த பிறகுதான் சாவி கைமாறியது. அன்று மதியம் என் மனைவியிடம், "இன்னொரு கரண்டி போடும்மா" என்றார். பங்க் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. கடைசிவரை எங்களோடுதான் இருந்தார்.

இன்றைக்கு அந்தச் சாக்கில் நான் படுக்கிறேன். வால்வைச் சுற்றுவது அதே துணி. வேலை முடிகிறவரை சாவி என் இடுப்பில். சொந்தக்காரர்கள் விசேஷ வீடுகளில் இதைப் பாதியாக்கிச் சொல்கிறார்கள்: மாமனார் வண்டியைக் கெடுத்தார் என்று சிலர், மாமனார் கை பட்டால் துருவே பிடிக்காது என்று சிலர். படிக்கிற நீங்கள் யாரிடமாவது சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். தகட்டை இறுக வைத்ததும் அந்தக் கைதான், இந்த வண்டியை இத்தனை மழைக்கும் காப்பாற்றியதும் அந்தக் கைதான். மழை வரப்போகிறது, துணியை ஆணியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். இன்னும் அவர் போட்ட முடிச்சின் மடிப்பு அதில் இருக்கிறது.