அம்மா சொன்ன முதல் பாதி

என்னைப் பார்த்து யாராவது "டென்ஷன் ஆகாதே" என்று சொன்னால்தான் எனக்கு டென்ஷன் ஏறும். அன்றைக்குக் காலையிலிருந்து ஆளாளுக்கு அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தி. நகரில் ஒரு சின்ன மருத்துவமனை. ஜன்னலைத் திறந்தால் துணிக்கடை விளம்பரம் மட்டும் தெரிகிற மாடி அறை. என்னை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து வயிற்றைச் சுற்றி பெல்ட் கட்டியிருந்தார்கள். பக்கத்து மெஷினில் என் குழந்தையின் இதயம் டக்டக்கென்று ஓடியது. மெஷினிலிருந்து ஒரு தாள் மெதுவாக வெளியே வந்தது, அதில் ஒரு கோடு. நல்லபடியாக இருக்கும் குழந்தைக்கு அந்தக் கோடு அவ்வப்போது ஏறி இறங்குமாம். என் குழந்தையுடையது தட்டையாகவே போய்க்கொண்டிருந்தது.

டாக்டரம்மா தாளைக் கையில் எடுத்துப் பார்த்தார். "தூங்கிட்டிருக்கலாம். இல்ல, உள்ள ஏதாவது கஷ்டப்படலாம். ஜூஸ் குடிச்சிட்டு இன்னும் கொஞ்ச நேரம் படுங்க. இதே மாதிரி போச்சுன்னா இன்னைக்கே ஆபரேஷன் பண்ணி எடுத்துடுறது நல்லது" என்றார்.

எட்டாம் மாதமே இன்னும் முடியவில்லை. இன்றைக்கு எடுத்தால் உள்ளங்கை அளவுக் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பிழைக்குமா பிழைக்காதா என்று வாசலில் நிற்க வேண்டியதுதான். அதை அவர் சொல்லவில்லை, அவர் முகம் சொன்னது. எனக்கு உயிரே போய்விட்டது.

"நீங்க மூச்சை நிதானமா விடுங்க. அம்மா நிதானமா இருந்தா சில சமயம் குழந்தையோட ஹார்ட்டும் அதோட சேர்ந்து நல்லாப் போகும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நிதானமாம்! எனக்கும் நிதானத்துக்கும் ஏழாம் பொருத்தம். அந்த வாரம்கூட வயிற்றைத் தள்ளிக்கொண்டு போய்த் தண்ணீர் லாரிக்காரரோடு தெருவில் நின்று சண்டை போட்டிருந்தேன். இப்போது திடீரென்று நிதானத்துக்கு எங்கே போவது? கணவன் வேறு என் தலைமாட்டில் நின்றுகொண்டு, "இழு... மெதுவா விடு... இழு... விடு" என்று பி.டி. மாஸ்டர் மாதிரி ஆரம்பித்தான். நான் இழுத்த இழுப்பில் எனக்கே மூச்சு முட்டியது.

"டேய், கொஞ்ச நேரம் வெளியே போறியா?" என்றேன். பாவம், போய்விட்டான்.

தனியாகப் படுத்திருந்தேன். எனக்கு அம்மா வேண்டும் போலிருந்தது. குழந்தை கேட்குமே, அந்த மாதிரி, இப்போதே, இங்கேயே வேண்டும் போலிருந்தது. அம்மா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

சாந்தோமில், மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா போய்விட்டார். அம்மா பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். தினமும் சாயங்காலம் விளக்குப் போட்டதும் பாய் விரித்து ஜெபமாலை சொல்லுவோம். அதில் ஒரு முறை உண்டு. மணிக்கு மணி சொல்லும் மந்திரத்தில் முதல் பாதியை ஒருவர் சொல்லுவார், அடுத்த பாதியை மற்றவர்கள் சொல்லுவார்கள். எங்கள் வீட்டில் முதல் பாதி அம்மாவுக்கு, அடுத்தது எனக்கு. கடைசிவரை அது மாறவே இல்லை.

நான் என் பாதியை ரயிலைப் பிடிக்கப் போகிறவள் மாதிரிதான் சொல்லுவேன். முடிந்தால்தானே டிவி போட முடியும்! எதிர்வீட்டு அத்தையும் நாடகம் பார்க்க எங்கள் வாசற்படியில் வந்து உட்கார்ந்திருப்பாள். அவள் வீட்டில் அப்போது டிவி கிடையாது. "இன்னா டீச்சரம்மா, சாமி இன்னும் முடியலியா? அங்க நாடகம் போட்ருவான்" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பாள். அம்மா அசைய மாட்டாள். நான் வேகம் எடுக்க எடுக்க அவள் இன்னும் மெதுவாகப் போவாள். ஒவ்வொரு முதல் பாதிக்கும் முன்னால் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொள்வாள். அவள் முடிக்கும் முன்பே நான் ஆரம்பித்துவிட்டால் சட்டென்று நிறுத்தி, "இரு, நான் இன்னும் முடிக்கல" என்பாள். அப்புறம் முதலிலிருந்து. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியில் அந்த மூச்சுதான் அவளுக்குக் கிடைக்காமல் போனது. நுரையீரலில் தொற்று. ஆஸ்பத்திரியில் அவள் காற்றுக்கு அல்லாடிய அந்த நாட்களில் நான் மாதாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மாதா தரவில்லை. அதிலிருந்து எனக்கும் மாதாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஜெபமாலையை ஆணியில் மாட்டினேன், எடுக்கவே இல்லை.

அதனால்தான் அன்றைக்கு அந்தக் கட்டிலில் என் உதடு தானாக அசைந்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. பக்தி ஒன்றும் இல்லை. பயந்துபோன வாய் பழகிய பாதையில் போயிற்று, அவ்வளவுதான். வந்த ஜெபமும் முழுதாக வரவில்லை, என் பாதி மட்டும் வந்தது.

சொல்லி முடித்ததும் வாய் நின்றுவிட்டது. அம்மா சொல்ல வேண்டிய இடம் அது. நான் அந்தப் பாதியைச் சொல்லிப் பழகியதே இல்லை, அந்த நேரத்தில் காது கொடுத்துத்தான் பழக்கம். காதில் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. ஆனால் அம்மா எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வாள் என்று என் உடம்புக்குத் தெரிந்திருந்தது. எங்கே இழுப்பாள், எந்த வார்த்தையில் அழுத்துவாள், எங்கே முடிப்பாள், எல்லாம் தெரிந்திருந்தது. அவ்வளவு நேரமும் காற்று மெல்ல என் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவள் முடித்திருப்பாள் என்று தோன்றிய பிறகு நான் என் பாதியைச் சொன்னேன், காற்று மெல்ல வெளியே வந்தது. மறுபடியும் அவளுக்காக நிறுத்தினேன். ஒருமுறைகூட நான் முந்தவில்லை. சண்டை போட ஆள் இல்லையென்றால் வேகம் எதற்கு?

எவ்வளவு நேரம் அப்படிப் போயிற்று என்று தெரியாது. டக்டக் சத்தம் கொஞ்சம் துள்ளி, பிறகு இறங்கி, மறுபடியும் துள்ளியது. உள்ளே ஒரு உதை விழுந்தது. சிஸ்டர் வந்து தாளைப் பார்த்தார், அவர் முகம் மலர்ந்தது. கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா, ஜூஸ் வேலை செஞ்சிடுச்சு" என்றார் சிஸ்டர். நெற்றி நிறைய விபூதியோடு வந்த கணவன், தெருமுனைப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் வேண்டிக்கொண்டதாகச் சொன்னான். டாக்டரம்மா, குழந்தை தூங்கி எழுந்திருக்கும், இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்றார். எல்லாருக்கும் தலையாட்டினேன். எதுவாக இருந்தால் என்ன, என் பிள்ளை உள்ளேயே இருந்தது.

வீடு திரும்பும் ஆட்டோவில்தான் அழுகை வந்தது. நல்ல சேதி வந்தால் முதலில் அம்மாவுக்கு போன் போட்டே பழகிய கை. போனை எடுத்துவிட்டு அப்படியே மடியில் வைத்துக்கொண்டேன்.

மாதம் நிறைந்து, பெண் பிறந்தது. அடையாறில் எங்கள் வீட்டுக்கு ஒருநாள் அந்தச் சாந்தோம் எதிர்வீட்டு அத்தை வந்தாள். அவள் குடும்பத்தை அரசாங்கம் பெரும்பாக்கத்துக்கு மாற்றி வருஷமாகிவிட்டது. அங்கிருந்து பஸ் மாறி நொச்சிக்குப்பம் மீன் கடைக்குப் போய், எனக்குப் பால் ஊற வேண்டும் என்று பால் சுறா வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"டீச்சரம்மா இருந்தா நான் இன்னாத்துக்கு வரப்போறேன்?" என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குள் நுழைந்து சுறாப்புட்டு செய்தாள். உப்பு கொஞ்சம் தூக்கல், இருந்தும் வழித்துச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் விளக்குப் போட்டதும் குழந்தை வீறிட ஆரம்பித்தாள். தினமும் அந்த நேரத்துக்கு அப்படித்தான் அழுவாள். அவளை நெஞ்சின் மேல் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் செய்தது போலவே என் பாதியை முணுமுணுத்தேன். நிறுத்தினேன். மறுபடி சொன்னேன். அழுகை விக்கலாகி, விக்கல் அடங்கியது.

அத்தை கேட்டுக்கொண்டே நின்றாள். "இன்னா பாப்பா, பாதிலேர்ந்து சொல்ற?"

"முன்னாடி உள்ளது அம்மா சொல்றது, அத்தே. நான் சொன்னதே இல்ல."

அத்தை ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உன்னையும் உங்கம்மா இப்டித்தான் நெஞ்சு மேல போட்டுக்கினு சாமி கும்புடும். அதோட பாதிய சொல்லிட்டு வாய மூடிக்கும். நான் படில குந்திக்கினு, இன்னா டீச்சரம்மா, மறந்துட்டியா, மீதிய நீயே சொல்லி முடி, நாடகம் போட்ருவான்னு கத்துவேன். கைய காட்டும், சும்மா இருன்னு. பாப்பா சொல்லிக்கினு கீதுன்னும்."

"எனக்கு அப்ப பேச்சு வந்துடுச்சா?"

"இன்னா பேச்சு? அம்மான்னு கூட வராது. புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு மட்டும் வரும். அதத்தான் உங்கம்மா, பாப்பாவோட பாதின்னு சொல்லும். அந்த மூச்ச நீ வுட்டு முடிக்கிற வரிக்கும் உங்கம்மா அடுத்தத ஆரம்பிக்காது."

நான் அழுதேன். குழந்தை என் நெஞ்சோடு சேர்ந்து குலுங்கினாள். மூச்சு ஒருவழியாக நிலைக்கு வந்ததும், வாழ்க்கையில் முதல் தடவையாக அம்மாவின் பாதியைச் சொன்னேன். தட்டுத்தடுமாறித்தான் வந்தது, ஆனால் எல்லா வார்த்தையும் வந்தது. முடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். என் மகளின் சின்ன முதுகு என் கைக்குக் கீழே ஏறியது.

அது இறங்கும் முன்பே நான் அடுத்ததற்கு வாயைத் திறந்துவிட்டேன்.

"இரு பாப்பா, இன்னா அவசரம்?" என்றாள் அத்தை. "அது இன்னும் முடிக்கல."