மாங்காட்டுக்குத் திரும்பி நடந்த பகல்

வேளாங்கண்ணிக்கு எத்தனை தரம் நடந்து போயிருக்கிறீர்கள் என்று கோவிலில் கேட்பார்கள். ஒன்பது என்பேன். அது போய்ச் சேர்ந்த கணக்கு. போய்ச் சேராத முதல் தரத்தை என் வீட்டுக்காரரைத் தவிர நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லலாம் என்று தோன்றுகிறது. கால் ஓய்ந்துவிட்டது, அதோடு வெட்கமும் ஓய்ந்துவிட்டது.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் ஆவடியில் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். சொந்த ஊர் திருச்சிப் பக்கம். வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் கடைசல் வேலை. ஒருநாள் தெருவில் அம்மி கொத்துகிறவன் கூவிக்கொண்டு போனான். எங்கள் அம்மி தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. மிளகாய் வைத்தால் நழுவும். இவர் அவனைக் கூப்பிடப் போனார். நான்தான், "நாள் முழுக்க இரும்பையே சீவுற மனுஷனுக்கு ஒரு கல்லைக் கொத்தத் தெரியாதா?" என்றேன். விளையாட்டாகச் சொன்னதில்லை. குத்தலாகத்தான் சொன்னேன். அவர் உளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாலு அடி அடித்திருப்பார். கல் சில்லு பறந்து வலது கண்ணில் ஏறிவிட்டது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுவிட்டு, கட்டைப் பிரித்தால்தான் சொல்ல முடியும் என்றார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்து மாதாவிடம் பேசினேன். கண்ணைக் கொடு, நடந்தே வருகிறேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நடந்து வருகிறவர்கள் எத்தனையோ பேர், என் தப்புக்கு அது காணாது என்று பட்டது. "என் மூட்டையை நானே சுமந்து வருகிறேன், வழியில் ஒருத்தர் கையிலும் கொடுக்க மாட்டேன்" என்றும் சேர்த்துச் சொன்னேன். எட்டாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். அவர் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "மூக்குத்தி கோணலா இருக்கு" என்றார். அங்கேயே அழுதேன்.

அந்த ஆவணியிலேயே கிளம்பினேன். எங்கள் பக்கத்திலிருந்து நடக்கிறவர்கள் நாற்பது ஐம்பது பேர் சேர்ந்து போவார்கள். மாதா சொரூபம் வைத்த தள்ளுவண்டி முன்னால் போகும். பின்னால் மூன்று சக்கரத்து மீன்பாடி வண்டி ஒன்று வரும், அதில் எல்லார் மூட்டையும் ஏறும். என் மூட்டை ஏறாது என்று நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஏன் என்று சொல்லவில்லை. அம்மிக் கதையைச் சொல்ல வேண்டி வருமே.

ஆவடியில் பட்டாளத்துப் பையன்கள் விடியற்காலையில் முதுகில் பையோடு ஓடுவதைத் தினமும் பார்க்கிறவள் நான். அதேபோல ஒன்று தைத்துவிட்டேன். இவருடைய பழைய காக்கி பேன்ட் இரண்டைப் பிரித்து, நாலு மடிப்புத் தையல் போட்டு, வாய்க்குப் பித்தான் வைத்து, கடையில் விற்கலாம் என்கிற மாதிரி இருந்தது. தோளில் மாட்டுகிற பட்டைக்குத் துணி போதவில்லை. பாவாடை நாடாவை மூன்றாக முறுக்கிப் போட்டேன். வீட்டுக்குள் மாட்டிக்கொண்டு நாலு நடை நடந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அப்போது பைக்குள் ஒன்றும் இல்லை.

பிறகு நிரப்பினேன். வழியெல்லாம் சனங்கள் சோறு போடுவார்கள் என்று சொன்னார்கள். ஓசிச் சோறு தின்று நேர்ச்சை செலுத்துவதா? நாலு படி அரிசி, பருப்பு, சின்ன மண்ணெண்ணெய் ஸ்டவ், அதற்கு எண்ணெய், ஒரு குண்டான், ஊறுகாய் பாட்டில், மூன்று காவிப் புடவை, ஜமக்காளம், தலையணை. தலையணை இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. கண்ணாடிச் சட்டம் போட்ட மாதா படமும் வைத்தேன், முன்னால் சொரூபமே போகிறது என்பது தோன்றவில்லை. வீட்டுக்காரர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "நீயாத்தான் வச்சியா, யாராவது உள்ள உக்காந்திருக்காங்களா?" என்றார்.

கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி பாதம் இரண்டிலும் தேங்காய் எண்ணெயைத் தேய்த்து ஊறவிட்டேன். வெறுங்காலோடு நடப்பதற்குப் பாதம் மெத்தென்று இருக்க வேண்டும் என்று நினைத்தேன். எண்ணெயில் ஊறின தோல் தார் ரோட்டில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

காலைப் பூசை முடிந்து "மரியே வாழ்க" என்று குரல் எழுப்பியதும் கிளம்பினோம். நான் வண்டிக்கும் முன்னால் நடந்தேன். குவார்ட்டர்ஸ் பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். அவர்கள் பார்க்கும்வரை முதுகு வளையக்கூடாது என்று விறைப்பாக நடந்தேன். பருத்திப்பட்டு தாண்டுவதற்குள் நாடா தோளை அறுக்கத் தொடங்கிவிட்டது. பை கீழே இறங்கி இடுப்பில் இடித்தது. உள்ளே ஸ்டவ்வின் கால் ஒன்று முதுகெலும்பில் விரலால் குத்துகிற மாதிரி அழுத்திக்கொண்டே வந்தது.

பாடியில் ஒரு கம்பெனி வாசலில் இட்லி விற்கிற பெண் எங்கள் கூட்டத்தில் இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். அது அவளுக்கு ஆறாவது நடை. அவளுடைய மஞ்சள் பையில் ஒரு புடவை, ஒரு துண்டு, படுக்க ஒரு சாக்கு. அவ்வளவுதான். அதையும் மீன்பாடி வண்டியில் போட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு வந்தாள்.

"இன்னா யக்கா, ஊட்ட காலி பண்ணிகினு வந்துட்டியா? கட்டிலு பின்னால லாரில வருதா?"

"அவங்கவங்க சாமான் அவங்கவங்களுக்கு" என்றேன்.

"தூக்குறதும் அவங்கவங்கதான? தூக்கு தூக்கு. மொதல்ல மெதுவா நட. உன்ன யாரும் தொரத்தல."

பூந்தமல்லியில் ஒரு வீட்டு வாசலில் எல்லாருக்கும் பொங்கல் கொடுத்தார்கள். நான் வாங்கவில்லை. கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சஞ்சோற்றைப் பிரித்தேன். சூட்டோடு கட்டியது நசநசத்துப் போயிருந்தது. பாதி தின்றேன். தாகத்துக்கு இரண்டு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன். உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. அப்போதே புரிந்திருக்க வேண்டும். கையை ஊன்றி எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டேன்.

மாங்காடு தாண்டி ஒரு புளியமரம். அதன் நிழல் ரோட்டில் விழுந்திருந்தது ஞாபகம் இருக்கிறது. அந்த நிழலை எட்டிவிடலாம் என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது. அடுத்து, என் முகத்தில் தண்ணீர் வடிகிறது, இரண்டு பெண்கள் கைத்தாங்கலாக என்னை நடத்திக்கொண்டு போகிறார்கள். குன்றத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்து வராந்தாவில் படுக்கவைத்தார்கள். தோள் லேசாக இருந்தது. திடுக்கிட்டு எழுந்தேன்.

"பை எங்க?"

"தோ கீது" என்றாள் இட்லிக்காரி. "நான்தான் தூக்கினு வந்தேன். உன்ன எழுப்பறதுக்குள்ள வண்டி முன்னால பூட்ச்சி. அதுல இன்னாக்கா, அம்மிக்கல்லு வெச்சிகிறியா?"

அவளுக்கு ஒன்றும் தெரியாது. எல்லாரும் சொல்கிற கேலிதான். நான் பையை வெடுக்கென்று என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"யாரைக் கேட்டுத் தூக்குன?"

"நல்லா கீதே! மயக்கம் போட்டு கெடக்குறவளாண்ட இன்னான்னு கேக்குறது? 'யக்கா, பைய தூக்கலாமா, ரோட்லயே உட்டுடலாமா'ன்னா?"

"நான் ஒருத்தர் கையிலும் கொடுக்க மாட்டேன்னு நேர்ந்திருக்கேன்."

அவள் என் தோளைப் பிடித்துச் சாய்த்தாள். "மாதா இன்னா, செக்போஸ்ட்ல தராசு வெச்சிகினு குந்திகினு கீறாங்களா, யாரு மூட்டைய யாரு தூக்கினாங்கன்னு பாக்க? படு, சாயங்காலம் நாலு மணிக்குத்தான் நடை."

எல்லாரும் படுத்தார்கள். வெயில் இறங்கும்வரை நடக்க மாட்டார்கள், அதுதான் வழக்கம். எனக்குக் கண் மூடவில்லை. மூடினால் அவருடைய கட்டுப் போட்ட முகம் வந்தது. கொடுத்த கண்ணைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாதாவுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொன்ன சொல்லில் ஓட்டை விழுந்துவிட்டது. புளியமரத்திலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் உள்ள தூரம் அது. அந்த ஓட்டையை அடைக்க எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது.

பையை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கினேன். வந்த வழியே மாங்காட்டுப் பக்கம் திரும்பி நடந்தேன். உச்சி வெயில். தார் இளகி நின்றது. லாரி வரும்போது ரோட்டோர மண்ணில் கால் வைப்பேன், மண் அதைவிடச் சுட்டது. எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் நிறுத்தி, "அம்மா, வேளாங்கண்ணி அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினார். "தெரியும்" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

புளியமரத்தைத் தொட்டேன். உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழமாட்டேன் என்று அதற்குள் கற்றிருந்தேன். திரும்பினேன். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு வரும்போது வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். இட்லிக்காரி வாசலில் நின்றாள். நான் எங்கே போய் வந்தேன் என்று என் காலைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "அடிப்பாவி" என்று மெதுவாகச் சொன்னாள், அவ்வளவுதான். தன் துண்டைக் கிழித்து இரண்டு பாதத்திலும் சுற்றிவிட்டாள்.

எண்ணெயில் ஊறின தோல் சதையை விட்டுக் கழன்றிருந்தது. அடியில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளம். அன்று ராத்திரி தாம்பரத்தில் அதை ஊக்கால் குத்தி நீரை வெளியேற்றினேன். அவள் தூங்கியிருந்தாள், பார்த்திருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பாள். மறுநாள் சீழ் வைத்தது. அதற்கு மறுநாள் காய்ச்சல். அரிசியை வழியில் ஒரு கூரைவீட்டு அம்மாவிடம் கொடுத்தேன், ஸ்டவ்வை ஒரு டீக்கடையில் விட்டேன். பாரம் குறைந்தது, கால் குறைந்ததை அது ஈடுகட்டவில்லை. செங்கல்பட்டில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, இனி ஒரு அடி வைத்தாலும் பாதத்தை எடுக்க வேண்டி வரும் என்றார்.

பஸ்ஸில் ஏற்றிவிட்டது இட்லிக்காரிதான். பையை மடியில் வைத்தாள். "இந்தா, உன் கையிலயே குடுத்துட்டேன், சண்ட போடாத" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ் நகரும்வரை விடவில்லை. மூன்று நாள் நடந்த தூரத்தை அது மதியத்துக்குள் திருப்பிச் சுருட்டிவிட்டது.

குவார்ட்டர்ஸ் தெருவில் ரிக்‌ஷாவில் இறங்கினபோது ஒருத்தி கேட்டாள்: "என்னக்கா, வேளாங்கண்ணி இப்பல்லாம் கிட்ட வந்துடுச்சா?" நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவமானம் உறைக்கிற அளவுக்குக்கூட உடம்பில் தெம்பில்லை. எனக்கு வேண்டியது வேறு. உள்ளே போனதும் வீட்டுக்காரரின் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன். வலது கண். வெள்ளையில் சிவப்பில்லை. இடது கண்ணைப் பொத்தச் சொல்லி, காலண்டரைக் காட்டிப் படிக்கச் சொன்னேன். படித்தார். தூரமாக வைத்துப் படிக்கச் சொன்னேன். அதையும் படித்தார்.

"இப்ப சொல்லு" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். கூடச் சேர்த்துச் சொன்ன அந்த வார்த்தையையும், மயக்கத்தையும், புளியமரத்தையும், எந்தக் குத்தலான பேச்சால் அவர் உளியை எடுத்தாரோ அதையும். அதை அவர் மறந்திருப்பார் என்று நினைத்திருந்தேன். மறக்கவில்லை.

அவர் என் கால்கட்டை அவிழ்த்து, வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். புண்ணைத் தொடாமல் சுற்றிலும் துடைத்து முடித்தார். பிறகு, "ஒருத்தர் கையிலும் கொடுக்க மாட்டேன்னு சொன்ன, சரி. நான் யாரோ ஒருத்தனா?" என்றார். "கண்ணு என்னுது. அடுத்த வருஷம் நானும் வரேன். பாதி நேரம் நான் தூக்குறேன். அதுக்கும் மாதா ஒத்துக்கலன்னா என்கிட்ட பேசட்டும்."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது.

கால் ஆற தீபாவளி ஆயிற்று. அந்த வருஷம் முழுக்க அவர் கண்ணைக் கசக்கினால் காலண்டரைக் காட்டிப் படிக்கச் சொல்வேன். வெங்காயம் நறுக்கும் இடத்தில் அவரை நிற்க விடமாட்டேன்.

மறு வருஷம் இரண்டு பேரும் கிளம்பினோம். ஒரே பை. பட்டைக்கு அகலத் துணி போட்டேன். உள்ளே மாற்றுத் துணியும் சாக்கும்தான். பூந்தமல்லிப் பொங்கலை இரண்டு கையும் நீட்டி வாங்கினேன். இவர் மட்டும் புதுசாகக் கேன்வாஸ் ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். பழகாத ஷூ கடிக்கும், வேண்டாம் என்றேன். "கடைசல் மெஷின் முன்னால நாள் பூரா நிக்கிறவன் நான்" என்றார். தாம்பரத்தில் ஷூவைக் கழற்றினவர் மறுபடி மாட்டவில்லை. இட்லிக்காரி மறுபடி தன் துண்டைக் கிழித்தாள்.

மாற்றி மாற்றித் தூக்கினோம். பன்னிரண்டாம் நாள் போய்ச் சேர்ந்தோம். அங்கே நிற்கும்போது என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று ஒரு வருஷமாக யோசித்து வைத்திருந்தேன். வரிசை தள்ளிக்கொண்டே போனது. மாதாவுக்கு நேரே வந்து நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது. பக்கத்தில் அவர் பையை மாட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். "வந்துட்டோம்மா. கால் ரொம்ப வலிக்குது" என்றேன். அதற்குள் பின்னால் இருந்தவர்கள் எங்களை நகர்த்திவிட்டார்கள்.