ஒன்ஸ் மோர்

புதுக்கோட்டையில் நான் வேலை பார்க்கும் ஒற்றை அறை ரெக்கார்டிங் ஸ்டுடியோவுக்கு ஒரு கிடார் பாடகர் வந்தார். ஒரு காலத்தில் வேகப்பாட்டுகளைச் சொந்தமாக எழுதி, கேசட் போட்டு, திருவிழா மேடைகளை அதிர வைத்தவர். நெடுங்காலம் ஒதுங்கியிருந்துவிட்டு, இப்போது புது ஆல்பம் போட வந்திருந்தார். அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை.

முதல் பாட்டின் உச்சத்தில் குரல் இறங்கியது. "ஒன்ஸ் மோர் சார்" என்றேன். மேடையில் நிற்பவர்போல் நெஞ்சில் கை வைத்துக் குனிந்துவிட்டு மறுபடி பாடினார். மறுபடியும் சொன்னேன், மறுபடியும் குனிந்தார். மூன்றாவது முறை கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏத்தா, மேடையில ஒன்ஸ் மோர்னா பாட்டு புடிச்சிருக்குன்னு அர்த்தம். இங்கிட்டு, தப்புன்னு அர்த்தமா?"

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். படித்ததே இந்த ஒலிப்பதிவு வேலைக்குத்தான். மழுப்பத் தோன்றவில்லை.

"ஆமா சார், சுருதி சேரல. கம்ப்யூட்டர்ல சரி பண்ணிரலாம்."

"அப்ப பாடுனவர்னு கம்ப்யூட்டர் பேரையே போட்டுரு" என்று சிரித்தார். "நீ சொல்லிக்கிட்டே இரு. நான் பாடிக்கிட்டே இருக்கேன்."

சாப்பாட்டு நேரம் தாண்டியும் பாடினார். கடைசியில் அந்த உச்சம் பிசகாமல் நின்றது. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. மைக் திறந்திருந்ததால், அவர் பாடி முடிக்கும்வரை கைகளை இறுகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.