கட்டைவிரல் தேய்த்த பெயர்

"…பேரு இருந்தா மட்டும் படிண்ணா, மத்தது வாணாம். பெங்களூர்ல கற்பூரம் கொளுத்தி என்னான்னு கூப்புடறது அவர?"

வெதுருகுப்பம் பக்கம் ஒரு கழனியில், இடுப்புயர நடுகல்லுக்கு முன்னால் நின்று அந்தப் பெண் என்னிடம் கேட்டாள். அதில் செதுக்கியிருந்த, வில் பிடித்த வீரன்தான் அவர்கள் குலசாமி. கழனி வேறொருவருடையது, பிளாட் போட விற்றாகிவிட்டது. மறுநாள் ஜேசிபி வந்து கல்லைப் பெயர்க்கும். கட்டட வேலைக்கு ஊர் ஊராகப் பெங்களூருக்குக் கிளம்பின காலம். அவள் புருஷனும் மூட்டையோடு ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றான். கல்லைத் தூக்கிக்கொண்டா போக முடியும்? அதன் காலடியில் ஒரு பிடி மண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்திருந்தாள்.

நான் நகரியில் தறி ஓட்டினவன். கல்லெழுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அலைந்து நானாகப் பிடித்துக்கொண்டது. சுண்ணாம்பைச் சுரண்டி, கோலமாவைத் தேய்த்துத் துடைத்தேன். பள்ளத்தில் மாவு தங்கி எழுத்து வெள்ளையாக எழுந்தது. ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட தமிழ்!

"வாணர் குலத்து ராஜா காலம்மா. பல்லவருக்கு அடங்கி இந்தச் சீமைய ஆண்டவங்க. ஊர் மாட்ட ஓட்டிக்கினு போனவங்கள மறிச்சு, மாட்ட மீட்டுட்டு உயிர வுட்டிருக்காரு."

"பேரு?"

பெயர் இருந்த இடத்தில் வழவழவென்று ஒரு குழி. பொங்கலுக்குப் பொங்கல் குங்குமம் வைத்த கட்டைவிரல்கள் தேய்த்தது. சோழர் வந்து போனார்கள், விஜயநகரம் வந்து போனது, நவாபும் வெள்ளைக்காரனும் போனார்கள். இவள் வீட்டு விரல்கள் மட்டும் ஓயவேயில்லை.

சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"கும்புட்டுக் கும்புட்டே பேர துன்னுட்டோமா! நல்ல புள்ளைங்கதான் போ."

கடைசி வரி மிச்சம் இருந்தது. 'உதிரப்பட்டி' என்றிருந்தது. விரலை வைத்து இன்னொரு தடவை படித்தேன்.

"ரத்தம் சிந்தினதுக்கு ராஜா வுட்ட நெலம்மா. கல்லு நிக்கிற இந்தக் கழனி அவரு வூட்டு ஆளுங்களுக்காம். சூரியன் சந்திரன் இருக்கற வரைக்கும்."

அவள் கழனியை ஒரு சுற்றுப் பார்த்தாள். "எங்க மாமனாரு இதுல கூலிக்கு ஏர் ஓட்டுனாரு. நான் கள எடுத்தேன்."

பஸ் ஹாரன் கேட்டது. புருஷன் கைதட்டிக் கூப்பிட்டான்.

அவள் முடிச்சை அவிழ்த்தாள். மண்ணைக் கல்லின் காலடியிலேயே கொட்டி, உள்ளங்கையால் தட்டிச் சமன் செய்தாள். பிறகு கல்லுக்கு முன்னால், ஜேசிபி வரவேண்டிய பக்கம் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.